கீழ்வீட்டுக் கல்யாணசுந்தரம்

"ஆள் உயிரோடைதான் இருக்கிறார். இருக்கிற இடம்தான் தெரியேல்லை," என்றார் யுவனேஸ்வரன்.

"அதுக்குப் பேர்தான் சார் காணாமப் போறது," என்றாள் பிரமிளா. "செத்தவங்களை யாரும் காணோம்னு சொல்றதில்ல. அவங்க எங்க இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

2008 ஜூலை முப்பது, புதன்கிழமை. ஹவுன்ஸ்லோவில் ஒரு பழைய மாடிவீட்டின் நடையில் இருவரும் நின்றார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் கூரையை உரசுவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் முந்நூறு பேர், அந்த முந்நூறு பேருக்கும் கீழே யாரோ காத்திருப்பார்கள் என்று யுவனேஸ்வரன் நினைத்துக்கொண்டார். தன்னைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்கு யாரும் வராத நாள் அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

ரெய்னர்ஸ் லேனில், ஒரு சேலைக்கடைக்கு மேல், வீடு வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் பத்திர வேலை பார்க்கும் சட்டத்தரணி அலுவலகத்தில் அவர் எழுத்தர். வயது நாற்பத்தெட்டு. கதவுக்கு வேறு நிறம் பூசலாமா, பூனை வளர்க்கலாமா, குளியலறையை இடித்துக் கட்ட யாரிடம் கேட்பது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்த மனிதர். காணாமற்போன வீட்டுக்காரர்களைத் தேடும் வேலை வந்தால் மட்டும் கண் மினுங்கும். பிரமிளா, சட்டம் படிக்க கோலாலம்பூரிலிருந்து வந்தவள். படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாமல் அதே அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டவள். வாய்க்குப் பூட்டு போடத் தெரியாது.

நடையில் இரண்டு கதவுகள். இடது கதவைத் திறந்தால் மாடிப்படி. வலது கதவு கீழ்வீட்டுடையது. அது பூட்டிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே கடிதத்தட்டு.

மாடிவீட்டை விற்க அவர்களிடம் வந்திருந்த மங்கை படியிறங்கி வந்த சத்தமே கேட்கவில்லை. திடீரென்று பக்கத்தில் நின்றார். ஐம்பத்தொன்பது வயது, விமான நிலையச் சமையற்கூடத்தில் விடியற்காலை ஷிப்ட். கோடை வெயிலிலும் காலில் தடித்த கம்பளிக் காலுறை.

"அக்கா, கால் குளிருதோ?" என்று கேட்டார் யுவனேஸ்வரன்.

"இல்லைத் தம்பி. பத்திரத்திலை எழுதியிருக்கெல்லோ, கீழ்வீட்டுக்காரருக்கு இடைஞ்சல் வரக்கூடாதெண்டு. ஏழு வருசமா இப்பிடித்தான் நடக்கிறன்."

"கீழ ஆள் இருக்காங்களா ஆன்ட்டி?"

"சத்தம் ஒண்டும் கேட்கிறதில்லை, பிள்ளை. இருந்தால் நித்திரை கொள்ளட்டுமே எண்டு."

லண்டனில் மாடிவீடு வாங்குகிறவர் சுவரையும் கூரைக்குள் இருக்கும் காற்றையும் வாங்குகிறாரே தவிர, அடியில் இருக்கும் நிலத்தை வாங்குவதில்லை. நிலம் வேறொருவருடையது. அவர் தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு வீட்டைக் குத்தகையாகத் தருகிறார், அதுதான் லீஸ். வருடம் போகப் போக லீஸ் தேய்கிறது. மங்கையின் லீஸில் மிச்சம் ஐம்பத்தெட்டு வருடம். இவ்வளவு தேய்ந்த வீட்டுக்கு வாங்குகிறவரின் வங்கி கடன் தராது. நிலத்துக்காரர் நீட்டித் தருகிறேன் என்று கையெழுத்திட்டால் தரும்.

நிலப் பதிவேட்டில் நிலத்துக்காரரின் பெயர் கல்யாணசுந்தரம். முகவரி இதே வீட்டின் கீழ்த்தளம். அலுவலகம் அனுப்பிய கடிதங்களுக்கு ஒரு பதிலும் இல்லை. கட்டடக் காப்புறுதிக்காரர்களைத் தொலைபேசியில் பிடித்தபோது, "மிஸ்டர் கல்யாணசுந்தரம் ஜூன் மாதம்தான் கூப்பிட்டுப் புதுப்பித்தார், முகவரி தர முடியாது" என்று வைத்துவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி," என்றார் மங்கை. "அதுக்குள்ளை கையெழுத்து இல்லாட்டி வாங்கிற ஆக்கள் வேறை வீடு பாக்கப் போறாங்கள். நான் வாங்க நிக்கிற எட்மண்டன் வீட்டுக்காரனும் இனிப் பொறுக்கமாட்டானாம். மகள் ஜதுர்ஷிகாவின்ரை வீட்டிலையிருந்து ரெண்டு கதவு தள்ளித் தம்பி. அவளுக்குப் பிள்ளை பிறந்து மூண்டு மாசம். இப்ப விட்டால் அந்தத் தெருவிலை எனக்கு இனி வீடு எங்கை?" ஒரு கையால் சுவரைப் பிடித்தார். "போன மாரியிலை குளியலறையிலை வழுக்கி விழுந்தனான். ரெண்டு நாள் ஒருத்தருக்கும் தெரியாது."

பிரமிளாவுக்குக்கூடப் பகிடி வரவில்லை. அவள் கடிதத்தட்டைக் கிளறினாள்.

"சார், இதைப் பாருங்க. எல்லாம் கல்யாணசுந்தரத்துக்குத்தான். அடியில கிடக்கிற கடிதத்தோட முத்திரை போன வருஷம் ஆகஸ்ட் பதினாலு. அதுக்கு முந்தினது ஒண்ணுகூட இல்ல."

"வருசத்திலை ஒருக்கா எல்லாம் காணாமப் போகும்," என்றார் மங்கை. "கோடையிலை. எந்த நாள் எண்டு தெரியாது, ஷிப்ட் முடிஞ்சு வந்து பாத்தால் தட்டு வெறுமையாக் கிடக்கும். தபால்காரன் திருப்பி எடுக்கிறான் எண்டு நினைச்சன்."

"தபால்காரன் கொண்டு வருவான், ஆன்ட்டி. கொண்டு போற தபால்காரனை நான் இன்னும் பார்க்கல லா."

மேலாகக் கிடந்தது ஒரு நீல உறை. தமிழில், உருண்டையான கையெழுத்து. மங்கை கூச்சத்தோடு சிரித்தார். "அது நான் எழுதினது. லோயரின்ரை கடிதமெண்டால் பயந்து பிரிக்கமாட்டார். எங்கடை எழுத்தெண்டால் பிரிப்பார் எண்டு நினைச்சன்."

யுவனேஸ்வரன் நீல உறையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். ஒருவர் வருடத்தில் ஒரு நாள் வருகிறார். இந்த வருடம் இன்னும் வரவில்லை. துப்பு என்று கையில் இருந்தது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பியற்றிஸ் என்ற ஆங்கிலேயக் கிழவி, ஆளைப் பார்த்த உடனேயே தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைத்தார். யாராவது தட்டமாட்டார்களா என்று வருடக்கணக்காகக் கதவுக்குப் பின்னாலேயே நின்றவர்போல் இருந்தார்.

"அந்த மனிதனைப் பற்றியா? நான் கவுன்சிலுக்கு மூன்று முறை முறைப்பாடு எழுதினேன். தோட்டத்துக் கொட்டில் கூரையில் சோறு வைக்கிறான். எலி வராதா?"

"யாருங்க?"

"தெரியாது. குடை பிடித்திருப்பான், முகம் தெரியாது. சோற்றை வைத்துவிட்டுக் காகம் மாதிரியே கத்துவான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஒரு காகம் வந்து தின்றால்தான் போவான். ஒரு வருடம் மழையில் ஒரு மணி நேரம் நின்றான்." கிழவி மேசை லாச்சியிலிருந்து முறைப்பாட்டுப் பிரதிகளை எடுத்து நீட்டினார். "தேதிகூட இருக்கிறது. ஒழுங்கில்லாத மனிதன். நினைத்த நாளில் வருவான்."

2005 ஆகஸ்ட் ஐந்து. 2006 ஜூலை இருபத்தைந்து. 2007 ஆகஸ்ட் பன்னிரண்டு.

பிரமிளா விரல்விட்டு எண்ணினாள். "ஒரு வருஷம் பதினோரு நாள் முன்னால வர்றார். அடுத்த வருஷம் பதினெட்டு நாள் லேட்டா வர்றார். இந்த ஆளுக்கு வீட்டுல காலண்டரே..."

நிறுத்தினாள். யுவனேஸ்வரனைப் பார்த்தாள்.

"காலண்டர் இருக்கு," என்றார் அவர். "அது சந்திரனைப் பாத்து நடக்கிற காலண்டர்."

"ஆடி அமாவாசை!"

"ஓம். செத்துப்போன அப்பாவுக்காக விரதம். காகத்துக்குச் சோறு வைச்சிட்டுத்தான் வாயிலை வைப்பார்."

"இந்த வருஷம் எப்ப சார்?"

"நாளண்டைக்கு. வெள்ளிக்கிழமை."

பியற்றிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வருடமும் வருவானா?" என்று கேட்டார். முறைப்பாடு எழுதிய ஆளின் குரல்போல அது இல்லை.

பஸ் தரிப்பிடத்தில் பிரமிளா கேட்டாள்: "அப்போ வெள்ளிக்கிழமை நீங்களும் விரதமா சார்? உங்க அப்பா..."

"பஸ் வருது, பிரமிளா."

பஸ் வர இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. அவள் நேரப் பலகையைப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சூரியனை ஓர் ஓரத்தில் சந்திரன் கடித்திருந்தது. சிறிய கிரகணம். மங்கையின் சமையலறை யன்னலில் மூவரும் காவல் இருந்தார்கள். கீழே தோட்டம், மூலையில் கொட்டில், பக்கவாட்டில் தெருவுக்குப் போகும் சிறு படலை.

"கிரகணம் பதினொண்டுக்குத்தான் விடும்," என்றார் மங்கை. "அதுக்கு முன்னம் சமைக்க மாட்டினம். பன்னிரண்டுக்குப் பிறகுதான் வருவார்."

"சூரியனையே ஒன்றரை மணி நேரம் லீஸுக்கு எடுத்துட்டாங்க பாருங்க," என்றாள் பிரமிளா. காகிதப் பையிலிருந்து இரண்டு ரோல்ஸ் எடுத்து ஒன்றை யுவனேஸ்வரனிடம் நீட்டினாள். "மரக்கறிதான் சார். நேத்தே கேட்டு வாங்கினேன்."

"பிறகு சாப்பிடுறன்."

அவர் வெறுந்தேநீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். மங்கையும் விரதம். "ஒவ்வொரு வருசமும் இண்டைக்கு ஷிப்டிலைதான் நிப்பன்," என்றார். "அங்கை தண்ணியைக் குடிச்சு விரதத்தை முடிச்சிடுவன். இண்டைக்குத்தான் முதல்முறை லீவு எடுத்தது."

ஒரே வீட்டில், ஒரே நாளில், இரண்டு பேர் விரதம். ஒருவர் வரும் நேரத்தில் மற்றவர் இருக்கவில்லை. ஏழு வருடம்.  யுவனேஸ்வரன் தேநீரின் அடியைப் பார்த்தார்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் படலை திறந்தது. கறுப்புக் குடை. கையில் சோறு கட்டிய வாழையிலைச் சரை. கொட்டில் கூரையில் இலையை விரித்து, குடையை மடக்கி, முகத்தை நிமிர்த்தி, "கா... கா..." என்று கூப்பிட்டான் ஒருவன்.

நாற்பது வயதுகூட இருக்காது.

"கல்யாணசுந்தரத்துக்கு எழுபது தாண்டிருக்கும்னு சொன்னீங்க," என்று கிசுகிசுத்தாள் பிரமிளா. "சொந்த நிலத்துல இருக்கிறவங்களுக்கு வயசே ஆகாதா சார்?"

கீழே ஓடினார்கள். அவன் திடுக்கிட்டுப் படலையைப் பார்த்தான். யுவனேஸ்வரன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், பூனையைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி.

"பயப்பிடாதையுங்கோ தம்பி. கல்யாணசுந்தரம் ஐயாவைத் தேடி வந்தம். நீங்கள்..."

"நான் ரதீசன். அவரின்ரை மகன்."

"ஐயா எங்கை இருக்கிறார்? ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதான்."

 ரதீசன் திரும்பி, கூரையில் ஆவி பறந்த சோற்றைப் பார்த்தான்.

யுவனேஸ்வரனுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. எவ்வளவு பெரிய மடையன் நான்! வயதானவர் ஒருவர் தன் தகப்பனுக்குச் சோறு வைக்கிறார் என்றல்லவா இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்? கல்யாணசுந்தரம் சோறு வைக்கிற ஆள் அல்ல. சோறு வைக்கப்பட்ட ஆள்.

"எப்ப?"

"ரெண்டாயிரத்திலை. ஆனி மாசம். உள்ளுக்குள்ளைதான். தனிய." ரதீசன் குடையின் கம்பியை நீவினான். "ஒவ்வொரு ஞாயிறும் நான் வாறனான். அந்த ஞாயிறு வரேல்லை."

"ஆனா காப்புறுதிக் கம்பனி, மிஸ்டர் கல்யாணசுந்தரம் ஜூன்ல போன் பண்ணினார்னு..." என்று தொடங்கிய பிரமிளா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஐயோ. உங்க சர்நேம். அப்பா பேருதானே! எங்க ஊர் அடையாள அட்டையில இன்னாரின் மகன்னே அடிச்சிடுவாங்க, இந்தக் குழப்பமே வராது."

நேரம் ஒன்று ஐந்து. நாலு மணிக்குள் ஒரு கையெழுத்து. கையெழுத்திட வேண்டியவர் எட்டு வருடத்துக்கு முன்பே இல்லை. பின்னால் வந்து நின்ற மங்கையை யுவனேஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, அப்பா போன பிறகு கோர்ட்டிலை புரோபேட் எடுத்தனீங்களோ? அவரின்ரை சொத்தை நீங்கள் பாக்கலாமெண்டு?"

"ஓம். அப்பவே எடுத்தனான். பாங்கிலை கேட்டவை."

"அப்ப அவருக்காக நீங்கள் கையெழுத்து வைக்கலாம்! எட்டு வருசமா ஏன் பதிவேட்டிலை பேரை மாத்தேல்லை? இவ்வளவு கடிதம் போட்டம், ஒண்டையும் பாக்கேல்லையோ?"

ரதீசன் நடைக்குப் போய்க் கடிதத்தட்டிலிருந்த கட்டை எடுத்தான். வலது கதவைத் திறந்தான். மூவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு வருடத் தூசி படிந்த சிறிய அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மூக்குக்கண்ணாடி. மேசை நிறையக் கடிதங்கள். வருடம் வருடமாக றப்பர் பட்டி போட்டு அடுக்கியிருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"அப்பாவுக்கு வாற கடிதத்தை நாங்கள் பிரிக்கிறதில்லை," என்றான் அவன். "சின்னனிலையிருந்தே பழக்கம். மேசையிலை வைச்சால் அவர் வந்து கண்ணாடியைப் போட்டுப் பிரிப்பார்." கையிலிருந்த கடிதங்களின் ஓரத்தைச் சரிசெய்தான். "பேரை மாத்தினால் அவருக்குக் கடிதம் வராது, அண்ணை. இந்த நாட்டிலை அவரின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுறது இந்தக் கடிதங்கள் மட்டும்தான்."

சட்டம் பேச எடுத்த லீஸ் தாள்களை யுவனேஸ்வரன் மடித்துப் பைக்குள் வைத்தார்.  

மங்கைதான் முன்னால் வந்தார். ரதீசனின் கையிலிருந்த கடிதக் கட்டின் மேலே தெரிந்த நீல உறையைத் தொட்டார்.

"இது நான் எழுதினது, தம்பி. நீங்கள் பிரிக்க வேண்டாம். எழுதின ஆள் பிரிச்சு வாசிக்கலாம்தானே?"

அவன் யோசித்தான். பிறகு உறையை நீட்டினான். அப்பாவின் நாற்காலியை இழுத்து, அதில் இருக்கச் சொன்னான்.

மங்கை வாசித்தார். 

"மதிப்புக்குரிய ஐயாவுக்கு. நான் மேல்வீட்டில் இருக்கும் மங்கை. ஏழு வருடமாக உங்கள் தலைக்கு மேலே நடக்கிறேன். உங்களை ஒரு நாளும் கண்டதில்லை. என் காலடிச் சத்தம் உங்கள் நித்திரையைக் குழப்பியிருந்தால் மன்னிக்க வேண்டும். நான் மெதுவாகத்தான் நடக்கிறேன். சில நாள் கறி கூடச் சமைத்துவிட்டால் உங்களுக்குக் கொண்டு வரலாமா என்று படியில் நின்று யோசிப்பேன், பிறகு திரும்பிப் போய்விடுவேன். இப்போது மகளுக்குப் பக்கத்தில் போக ஆசைப்படுகிறேன். வீட்டை விற்பதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். போவதற்கு முன் ஒரு தடவை உங்களைக் கண்டு சொல்லிவிட்டுப் போக வேண்டும்."

ரதீசன் யன்னல் பக்கம் திரும்பி நின்றான். மேலே ஒரு விமானம் போய், சத்தம் அடங்க நேரமெடுத்தது.

"எங்கை கையெழுத்து வைக்கிறது, அண்ணை?"

"முதலிலை ஒரு லோயரோடை கதையுங்கோ," என்றார் யுவனேஸ்வரன். தொழில் புத்தி விடவில்லை. "எங்கடை ஆள் இல்லை, உங்கடை பக்கத்து ஆள். ஹை ஸ்ட்ரீட்டிலை ரெண்டு பேர் இருக்கினம். நீட்டித் தர நீங்கள் சம்மதம், விலையை மதிப்பீட்டாளர் சொல்லட்டும் எண்டு ஒரு கடிதம். அது போதும்."

"பேரை?"

"கல்யாணசுந்தரத்துக்காக எண்டு எழுதி, அதுக்குக் கீழை உங்கடை பேர். அவரின்ரை பேர்தான் மேலை இருக்கும்."

பிரமிளா அவனை ஹை ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப் போனாள். மூன்று இருபதுக்கு அந்தக் கடிதம் பேக்ஸில் போனது. மூன்று ஐம்பதுக்கு, வாங்குகிறவர்களின் சட்டத்தரணி கூப்பிட்டு ஒப்பந்தம் ஆகிவிட்டது என்றார். மங்கை தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தார், மறுபக்கம் வைத்த பிறகும்.

"ஜதுர்ஷிகாவுக்குச் சொல்லிப்போட்டு வாறன்," என்று எழும்பினார். படியடியில் நின்று, கம்பளிக் காலுறை இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.

திரும்பி வந்திருந்த ரதீசன் தோட்டத்துக்குப் போனான். இலை வெறுமையாக இருந்தது. மதில்மேல் ஒரு காகம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து யன்னலில் பியற்றிஸின் திரைச்சீலை அசைந்தது. ரதீசன் பையிலிருந்த மிச்சச் சோற்றைப் பிரித்து, ஒரு பங்கை இலையில் வைத்து யுவனேஸ்வரனிடம் நீட்டினான்.

"அண்ணை, நீங்களும் காலமையிலையிருந்து சாப்பிடேல்லை எண்டு அந்தப் பிள்ளை சொன்னா. உங்கடை அப்பாவும் இல்லையோ?"

யுவனேஸ்வரன் இலையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். எத்தனை பேரைத் தேடிக் கண்டுபிடித்தாயிற்று, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதிவேட்டில் பக்கம் இல்லை.

"தெரியாது," என்றார். "தொண்ணூறிலை, ஊரிலை சண்டை நேரம், சைக்கிளிலை வெளிக்கிட்டவர். பத்து நிமிசத்திலை வாறன் எண்டவர். இருக்கிறாரெண்டால் விரதம் பிடிக்கக்கூடாது. இல்லையெண்டால் பிடிக்காமல் இருக்கக்கூடாது. அதாலை ஒவ்வொரு வருசமும் மத்தியானம் வரைக்கும் தேத்தண்ணியோடை இருக்கிறனான். அது விரதமுமில்லை, சாப்பாடுமில்லை."

 பிரமிளா கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மணி நாலு சார். தெரியாதவங்களும் சாப்பிடலாம்."

அவர் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து, மேல்தளத்திலிருந்து, ஒரு சத்தம் கேட்டது. திம், திம், திம். யாரோ வெறுங்காலோடு சமையலறைக்கும் அறைக்குமாக, பலகை அதிர, நடந்துகொண்டிருந்தார்கள்.

ரதீசன் கீழ்வீட்டு யன்னலுக்குள் பார்த்தான். உள்ளே மேசையில், கடிதங்களுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடி அந்த அதிர்வில் மெல்ல நடுங்கியது.

"அப்பா தனிய இல்லை. மேல்வீட்டிலை ஆக்கள் இருக்கினம்," என்றான்.